நிரலை வேறு மொழிக்கு மாற்றியதும் விடை ஏன் சற்றே விலகுகிறது?

கேள்வி இது: ஃபோர்ட்ரானில் பல ஆண்டுகளாக ஓடிவரும் ஒரு கணக்கீட்டு நிரலை முதலில் பைத்தானிலும் பிறகு சி++ மொழியிலும் எழுதியிருக்கிறார்கள். சூத்திரம் அதேதான், உள்ளீடும் அதேதான். ஆனால் சில விடைகள் 15 இலக்கம்வரை ஒத்துப்போகின்றன. சில 8-ஆம் இலக்கத்தில் பிரிகின்றன. ஒன்றிரண்டு 3-ஆம் இலக்கத்திலேயே வேறாக இருக்கின்றன. இதெல்லாம் ஃப்ளோட்டிங் பாயிண்ட்டின் (பின்ன எண்களைக் குறிப்பிட்ட பிட்களுக்குள் அடக்கும் கணினி முறையின்) இயல்புதானா, இல்லை மாற்றி எழுதியதில் தவறா? மூன்றையும் பிட் பிசகாமல் ஒன்றாக்க வழி உண்டா?

"ஃப்ளோட்டிங் பாயிண்ட் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. விலகல் எவ்வளவு பெரியது என்பதே காரணம் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்கு இரண்டு எண்கள் நினைவில் இருந்தால் போதும். டபுள் எண்ணின் 64 பிட்டில் குறிக்கு 1, அடுக்குக்கு 11, பின்னத்துக்கு 52. எழுதப்படாத முதல் பிட்டையும் சேர்த்தால் துல்லியம் 53 பிட். 1-க்கு அடுத்த டபுள் எண், 1-ஐவிட 2.22 × 10⁻¹⁶ பெரியது. சிங்கிள் எண்ணில் துல்லியம் 24 பிட். அங்கே அந்த இடைவெளி 1.19 × 10⁻⁷. இரு விடைகளின் வித்தியாசத்தை விடையாலேயே வகுத்துப் பாருங்கள். 10⁻¹⁶ முதல் 10⁻¹³ வரை வந்தால் பெரும்பாலும் ரவுண்டிங், அதாவது விடையைக் கிடைத்த பிட்களுக்குள் முழுமையாக்குவது. 10⁻⁷, 10⁻⁸ என்று வந்தால் எங்கோ ஒரு சிங்கிள் எண் உள்ளே புகுந்திருக்கிறது. 10⁻³ அளவில் இருந்தால், ஒன்று நீங்கள் கணக்கிடுவதே வேறொன்றாக இருக்கும், அல்லது கணக்கு நடுவில் இலக்கங்களை விழுங்குகிறது.

8-ஆம் இலக்கத்தை முதலில் பார்ப்போம், ஏனென்றால் இதில் குற்றவாளி பெரும்பாலும் ஒரே ஆள். ஃபோர்ட்ரானில் வெறுமனே 0.1 என்று எழுதினால் அது சிங்கிள். இடப்பக்கம் இருக்கும் மாறி டபுளாக இருந்தாலும் சரி, வலப்பக்கத்து மாறிலி முதலில் 24 பிட்டுக்கு ரவுண்ட் ஆகி, அதற்குப் பிறகே டபுளாக விரிகிறது. மாறியில் போய் உட்காரும் மதிப்பு 0.10000000149011612. சி, சி++, ஜாவா, பைத்தான் எல்லாவற்றிலும் 0.1 என்றால் டபுள்தான். ஃபோர்ட்ரானில் டபுள் வேண்டுமென்றால் 0.1டி0 என்றோ, வகைக் குறியைப் பின்னொட்டாகச் சேர்த்தோ எழுத வேண்டும். பழைய நிரல்களில் இது பாதி இடங்களில் இருக்கும், பாதி இடங்களில் இருக்காது.

இங்கே சங்கடமான உண்மை ஒன்று உண்டு: உங்கள் புது நிரல்தான் சரி, பழையதுதான் தவறு. ஆனாலும் அதை நிரூபிக்காமல் நகரக் கூடாது. பைத்தானில் அந்த மாறிலியை ஃப்ளோட்32 (சிங்கிள்) ஆக மாற்றி, மறுபடி ஃப்ளோட்64 (டபுள்) ஆக்கித் தற்காலிகமாக வையுங்கள். விடை 15 இலக்கத்துக்கு ஒத்துவந்துவிட்டால் காரணம் உறுதி. பிறகு பழைய நிரலைத் திருத்துவதா, பழைய விடைகளோடு ஒப்பிட வேண்டிய தேவை இருப்பதால் அந்த மதிப்பையே வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யலாம். எல்லா ரியல் எண்களையும் 8 பைட்டாக்கும் கம்பைலர் தேர்வைப் போட்டு ஒரே அடியில் முடிக்க நினைப்பவர்கள் கவனிக்க: ஜிஃபோர்ட்ரானில் அந்தத் தேர்வு, ஏற்கெனவே டபுளாக அறிவித்தவற்றை முடிந்தால் 16 பைட்டாக உயர்த்திவிடும். அதைத் தடுக்கத் தனித் தேர்வு ஒன்று சேர்க்க வேண்டும்.

சிங்கிள் நுழையும் மற்ற வாசல்கள்: π-இன் மதிப்பை 3.1415927 என்று யாரோ கையால் அடித்திருப்பது. கோப்பிலிருந்து படித்த வரிசை ஃப்ளோட்32 ஆகவே தங்கிவிடுவது. சி++-இல் எண்ணுக்குப் பின்னால் ஒட்டிய ஒரு எஃப். பைத்தானின் எண் கணக்கீட்டு லைப்ரரியான நம்பை 2.0-இல் விதியும் மாறியிருக்கிறது. ஒற்றை ஃப்ளோட்32 எண்ணோடு பைத்தானின் சாதாரண 3.0-ஐக் கூட்டினால் முன்பு ஃப்ளோட்64 கிடைத்தது, இப்போது ஃப்ளோட்32 கிடைக்கிறது. மொழியை மாற்றாமல் நம்பை பதிப்பை மட்டும் உயர்த்தியவர்களுக்கும் 8-ஆம் இலக்கம் ஆட இதுவே காரணமாகலாம்.

அடுத்து 3-ஆம் இலக்கம். இதில் பெரும்பகுதிக்கும் ஃப்ளோட்டிங் பாயிண்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. நம்பையின் திட்ட விலக்கம் எண்ணிக்கையான என்-ஆல் வகுக்கிறது. பாண்டாஸ், ஆர், மேட்லேப் மூன்றும் என்-இல் ஒன்றைக் குறைத்து வகுக்கின்றன. 100 மதிப்புகள் இருந்தால் விடை சுமார் 0.5 சதவீதம் விலகும். சரிபாதியில் நிற்கும் எண்ணை ரவுண்ட் செய்வதிலும் வழக்கம் வேறு: 2.5-ஐப் பைத்தானும் நம்பையும் 2 ஆக்குகின்றன, ஏனெனில் அவை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குப் போகின்றன. சி மொழியின் ரவுண்டும் ஃபோர்ட்ரானின் நின்ட்டும் 3 ஆக்குகின்றன. −2.5 என்றால் சி −3 தருகிறது, ஜாவாஸ்கிரிப்ட் −2 தருகிறது. −7-ஐ 3-ஆல் வகுத்த மீதி சி, ஜாவா, ஃபோர்ட்ரானின் மாட் ஆகியவற்றில் −1. பைத்தானிலும் ஆரிலும் ஃபோர்ட்ரானின் மாடுலோவிலும் 2. கோணத்தை 0 முதல் 360-க்குள் மடக்கும் வரியில் இது சத்தமில்லாமல் விளையாடும். முழு எண் வகுத்தலும் அப்படியே: ஃபோர்ட்ரானில் அடுக்கில் 1/3 என்று எழுதினால் அது 0, ஆகவே கனமூலம் என்று நினைத்த இடத்தில் 1 நிற்கும்.

ஃபோர்ட்ரானும் மேட்லேப்பும் அணியை நெடுவரிசைவாரியாக நினைவகத்தில் வைக்கின்றன, சியும் நம்பையும் இயல்பாகக் கிடைவரிசைவாரியாக வைக்கின்றன. ஃபோர்ட்ரான் எழுதிய பைனரி கோப்பை நம்பையில் படிக்கும்போது வரிசைமுறை எஃப் என்று சொல்லாவிட்டால் சதுர அணி திருப்பப்பட்ட அணியாக வரும். அணி ஏறக்குறைய சமச்சீராக இருந்தால் விடை ஏறக்குறைய சரியாகவும் இருக்கும். நாள்கணக்கில் தேட வைக்கும் வகை இதுதான். அதே கோப்பு அன்ஃபார்மேட்டட் முறையில் எழுதப்பட்டிருந்தால், ஒவ்வொரு பதிவுக்கும் முன்னும் பின்னும் நீளக் குறியீடு இருக்கும். ஜிஃபோர்ட்ரானில் அது 4 பைட். ஸ்ட்ரீம் முறையில் எழுதச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இதெல்லாம் இல்லை, சூத்திரம் அப்படியே இருக்கிறது, ஆனாலும் முன் இலக்கங்கள் ஆடுகின்றன என்றால் கழித்தலைத் தேடுங்கள். விலக்க வர்க்கச் சராசரியை (வேரியன்ஸ்) "வர்க்கங்களின் கூட்டல், அதிலிருந்து கூட்டலின் வர்க்கத்தை எண்ணிக்கையால் வகுத்ததைக் கழி" என்ற ஒற்றைச் சுற்றுச் சூத்திரத்தில் போட்டிருப்பார்கள். நான்கு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 1000000004, 1000000007, 1000000013, 1000000016. மூன்றால் வகுத்த சரியான விடை 30. அதாவது கழித்தலின் விடை 90 வர வேண்டும். ஆனால் கழிக்கப்படும் இரு எண்களும் 4 × 10¹⁸ அளவில் இருக்கின்றன. அந்த உயரத்தில் அடுத்தடுத்த இரு டபுள் எண்களுக்கு இடையே 512 இடைவெளி. 90 என்ற விடைக்கு அங்கே இடமே கிடையாது. 0 அல்லது ±512 போன்ற மடங்குகள்தான் வர முடியும். வரிசையாகக் கூட்டினால் −512 வந்து, விலக்க வர்க்கச் சராசரி −170.67 ஆகிறது. இதே நிரலைப் பழைய எக்ஸ்87 வகையின் 80 பிட் பதிவேடுகளில் ஓட்டினால் அங்கே துல்லியம் 64 பிட், எல்லா இடைநிலை எண்ணும் முழுதாக அடங்கிவிடும், விடை 30. ஆக ஒரு கம்பைலரில் 30, இன்னொன்றில் −170.67. குற்றம் கம்பைலர் மேல் இல்லை, சூத்திரத்தின் மேல். முதலில் சராசரியைக் கண்டு, அதைக் கழித்து, பிறகு வர்க்கம் எடுத்தால் எந்த மொழியிலும் 30 வரும். இப்படிப்பட்ட வரியை மொழிமாற்றத்தில் கண்டால் அதை ஒத்துப்போக வைக்கப் பாடுபடாதீர்கள், மாற்றி எழுதுங்கள்.

இனி 15, 16-ஆம் இலக்கம். ஃப்ளோட்டிங் பாயிண்ட்டுக்கான ஐஇஇஇ 754 தரம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய ஐந்தையும் சரியாக ரவுண்ட் செய்யக் கட்டாயப்படுத்துகிறது. ஒரே உள்ளீட்டுக்கு, ஒரே துல்லியத்தில், இந்த ஐந்தும் எந்த மொழியிலும் ஒரே பிட்களைத் தரும். அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? எந்தச் செயல், எந்த வரிசையில், எத்தனை முறை ரவுண்ட் ஆகிறது என்பதிலிருந்து.

கூட்டல் வரிசைதான் முதல் காரணம். 0.1, 0.2, 0.3 மூன்றையும் இடமிருந்து கூட்டினால் 0.6000000000000001, பின் இரண்டை முதலில் கூட்டினால் 0.6. சி-யில் எழுதிய சாதாரண லூப் வரிசையாகக் கூட்டும். நம்பையின் கூட்டல், நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும் எண்களை இரண்டிரண்டாகப் பிளந்து, 128 எண்கள் கொண்ட தொகுதிகள் வரை இறங்கி, ஒவ்வொரு தொகுதியையும் எட்டு தனிக் கூட்டல்களாகச் சேர்க்கிறது. ஜூலியாவின் கூட்டலும் இந்தப் பிளக்கும் வகையே. ஆர் மொழி, வன்பொருள் இடம் கொடுத்தால் லாங் டபுளில் கூட்டுகிறது. பைத்தானின் சொந்த சம் ஃபங்ஷன் 3.12 பதிப்பிலிருந்து ரவுண்டிங் பிழையைத் தனியே சேகரித்துத் திருத்துகிறது, பத்து 0.1-ஐக் கூட்டினால் முன்பு 0.9999999999999999, இப்போது 1.0. அணிப் பெருக்கலுக்கு ஓபன்பிளாஸ், எம்கேஎல் போன்ற லைப்ரரிகள் பிராசசரைப் பார்த்து வேறு வேறு வழியைத் தேர்வதால், த்ரெட் எண்ணிக்கை மாறினாலே கடைசி இலக்கம் மாறலாம். காரணம் இதுதானா என்று அறிய, சந்தேகமான இடத்தில் இரு மொழியிலும் ஒரே மாதிரி வெறும் லூப் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் மறைந்தால் தேடல் முடிந்தது.

இரண்டாவது எஃப்எம்ஏ. பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் செய்து, ஒரே ஒரு முறை ரவுண்ட் செய்யும் இது 2008 திருத்தத்தில் தரத்துக்குள் வந்தது. ஜிசிசி, தனியாகத் தடுக்காவிட்டால், பிராசசரில் எஃப்எம்ஏ இருக்கும் இடமெல்லாம் தானாகவே பயன்படுத்தும். சாதாரண எக்ஸ்86-64 கம்பைலில் அது வராது. நேட்டிவ் ஆர்க்கிடெக்சர் என்று சொல்லி கம்பைல் செய்தால் வரும். ஏஆர்எம் 64 பிட்டில் சொல்லாமலே வரும். ஆகவே மொழியே மாறாமல், மடிக்கணினி மாறினாலும் விடை மாறும். ஜாவாவும் ரஸ்ட்டும் தானாக இணைப்பதில்லை. கோ மொழி இணைக்கலாம் என்று அதன் விதியே சொல்கிறது. பெருக்கலின் விடையை வெளிப்படையாக ஃப்ளோட்64 ஆக மாற்றி எழுதினால் இணைக்காது.

சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு எண்ணின் வர்க்கத்திலிருந்து அதே எண்ணின் வர்க்கத்தைக் கழிக்கிறோம், எண் 0.1. தனித்தனியாக ரவுண்ட் செய்தால் இரு பக்கமும் 0.010000000000000002, கழித்தால் சுத்தமான 0. எஃப்எம்ஏ வந்தால் ஒரு பெருக்கல் மட்டும் ரவுண்ட் ஆகிறது, மற்றது முழுத் துல்லியத்தில் நிற்கிறது. முதல் பெருக்கல் இணைந்தால் விடை சுமார் −8.3 × 10⁻¹⁹, இரண்டாவது இணைந்தால் அதே அளவு கூட்டல் குறியோடு. எதை இணைப்பது என்பது கம்பைலரின் விருப்பம். இந்த எண்ணின் மேல் வர்க்கமூலம் எடுத்தால் ஒரு கணினியில் 0, இன்னொன்றில் நேன் (எண் அல்ல என்ற குறி). இருபடிச் சமன்பாட்டின் தன்மைகாட்டியைக் கணக்கிடும் வரிகளில் இது நிஜமாகவே நடக்கும். எஃப்பி-கான்ட்ராக்ட் தேர்வை ஆஃப் என்று கொடுத்து கம்பைல் செய்தால் சோதித்துவிடலாம். ஆனால் நிரந்தர மருந்து, வர்க்கமூலத்துக்கு முன் எதிர்மறை மதிப்பைக் கையாள்வதுதான்.

மூன்றாவது, சைன், எக்ஸ்ப், லாக், பவ் போன்றவை. இவற்றைச் சரியாக ரவுண்ட் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் தரத்தில் இல்லை. ஜிலிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி), மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் லைப்ரரிகள் கடைசி பிட்டில் வேறுபடும். ஜிலிப்சியே 2.28 பதிப்பில் எக்ஸ்ப், லாக், பவ் மூன்றையும் புதிதாக எழுதியது. ஏவிஎக்ஸ்-512 என்ற பிராசசர் கட்டளைத் தொகுதி உள்ள லினக்ஸ் கணினியில் நம்பை 1.22 முதல் இன்டெலின் வெக்டர் கணித லைப்ரரியைப் பயன்படுத்துகிறது. அதனால் இத்தகைய ஃபங்ஷனுக்கு நம்பை தரும் விடையும் பைத்தானின் மேத் தரும் விடையும் ஒரே கணினியிலேயே ஒத்துப்போகாமல் போகலாம். ஓர் எண்ணை 3-ஆம் அடுக்குக்கு உயர்த்துவதும் இந்த வகைதான். ஃபோர்ட்ரான் கம்பைலர் இரண்டு பெருக்கலாகச் செய்து இரு முறை ரவுண்ட் செய்யும். பைத்தான் பவ்-ஐ அழைக்கும்.

வேகத்துக்காக விதிகளைத் தளர்த்தும் ஃபாஸ்ட்-மேத் என்ற கம்பைலர் தேர்வு இருந்தால் முதல் வேலையாக எடுத்துவிடுங்கள். அது கூட்டல் வரிசையை மாற்றுகிறது, நேன் இருக்காது என்று எடுத்துக்கொள்கிறது. நேனா என்று சோதிக்கும் வரியே மறைந்துபோகலாம். இன்டெலின் பழைய கம்பைலரில் இயல்பு நிலையே இதற்குப் பக்கம், ஆகவே துல்லிய மாதிரியைக் கேட்டு வாங்க வேண்டும்.

தேடும் முறை இது. இடைநிலை மதிப்புகளை இரு நிரலிலிருந்தும் எழுதி, முதலில் எங்கே பிரிகிறது என்று பாருங்கள். கடைசி விடையை வைத்து ஊகிக்க வேண்டாம். எழுதும்போது 17 முக்கிய இலக்கங்கள் வேண்டும், அப்போதுதான் டபுள் எண் திரும்பப் படிக்கையில் அதே பிட்டாக வரும். சிங்கிளுக்கு 9 போதும். சி-யின் சாதாரண அச்சு தசமப் புள்ளிக்குப் பின் 6 இடத்தோடு நிற்கும், ஆர் திரையில் 7 இலக்கமும் சிஎஸ்வி கோப்பில் 15 இலக்கமும் தரும். கோப்பு வழியாகப் பரிமாறிய உள்ளீடே வித்தியாசத்துக்குக் காரணமாக இருப்பது அரிதல்ல. பதினறும வடிவில் எழுதுவது இன்னும் நல்லது: பைத்தானில் ஃப்ளோட்டின் ஹெக்ஸ், சி-யில் சதவீதக் குறியோடு ஏ. பிரியும் இடத்தைக் கண்டதும், பழைய நிரலின் அந்த மதிப்பைப் புது நிரலில் ஊட்டி மேலே ஓட்டுங்கள். அடுத்த பிரிவு தனியாகத் தெரியும். ரேண்டம் எண்கள் இருந்தால் இரு பக்கமும் ஒரே சீட் கொடுப்பதை நம்பாதீர்கள். மெர்சென் ட்விஸ்டர் இரண்டிலும் இருந்தாலும், அதிலிருந்து இயல்நிலைப் பரவல் எண்ணைத் தயாரிக்கும் வழி வேறு. எண்களைக் கோப்பில் எழுதி இரண்டுக்கும் கொடுங்கள்.

ஒரு விலகல் பொறுக்கத்தக்கதா என்று முடிவு செய்ய நேர்மையான சோதனை ஒன்று இருக்கிறது. பழைய நிரலை மட்டும் எடுத்து, உள்ளீட்டின் ஓர் எண்ணை அடுத்த டபுள் எண்ணுக்கு நகர்த்தி ஓட்டுங்கள். பைத்தானிலும் சி-யிலும் நெக்ஸ்ட்ஆஃப்டர், ஃபோர்ட்ரானில் நியரஸ்ட் என்ற ஃபங்ஷன் அதற்கென்றே இருக்கிறது. பல உள்ளீடுகளுக்கு இப்படிச் செய்து விடை எவ்வளவு நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 10⁻¹¹ அளவு நகர்ந்தால், புது நிரல் 10⁻¹¹ விலகுவதில் தவறில்லை. பழைய நிரலே அதற்கு மேல் உறுதி தரவில்லை. 10⁻¹⁵ மட்டும் நகர்ந்து, புது நிரல் 10⁻¹¹ விலகினால், அது சின்ன வித்தியாசம் என்று விட்டுவிடாதீர்கள், எங்கோ தவறு இருக்கிறது. சோதனை நிரலில் வைக்கும் எல்லையையும் இந்த அளவிலிருந்தே எடுங்கள். இரு விடைகள் நெருக்கமா என்று பார்க்கும் நம்பையின் ஆல்குளோஸ் தானாக வைக்கும் 10⁻⁸ என்ற தனி எல்லை, உங்கள் அளவுகள் சிறியவையாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளும்: 10⁻¹⁰-ஐயும் 3 × 10⁻¹⁰-ஐயும் சமம் என்று சொல்லிவிடும். ஐகன் வெக்டர்களை ஒப்பிடும்போது குறி தலைகீழாக இருக்கலாம் என்பதற்கும் இடம் கொடுங்கள், இரண்டுமே சரியான விடைதான்.

சில கணக்குகளில் எந்த எல்லையும் நிற்காது. எட்வர்ட் லோரென்ஸ் 1961-இல் 0.506127 என்ற மதிப்பை 0.506 என்று சுருக்கி உள்ளிட்டபோது, அவருடைய வானிலை மாதிரி சிறிது நேரத்தில் வேறு பாதையில் போனது. அவர் பெயரால் வழங்கும் சமன்பாடுகளில், வழக்கமான குணகங்களோடு, விலகல் நேர அலகுக்குச் சுமார் 2.5 மடங்காகிறது. 10⁻¹⁶ என்ற விலகல் ஏறக்குறைய 40 நேர அலகில் விடையின் அளவுக்கே வளர்ந்துவிடும். இப்படிப்பட்ட நிரலில் முதல் சில படிகளை மட்டும் எண்ணுக்கு எண் ஒப்பிட்டு, அதற்கு மேல் சராசரி, பரவல், காக்கப்பட வேண்டிய ஆற்றல் போன்றவற்றை ஒப்பிடுவதே முறை. இன்னொரு வகை நிபந்தனைகள்: 0.6-ஐ 0.2-ஆல் வகுத்தால் 2.9999999999999996, அதைக் கீழ் முழு எண்ணாக்கினால் 2. ஒரு பிட் விலகல் இங்கே ஒரு முழுப் படி விலகலாகிவிடுகிறது. லூப்பின் எண்ணிக்கையை முழு எண்ணில் வைத்து, மதிப்பை அதிலிருந்து பெருக்கி எடுங்கள்.

பிட் பிசகாமல் ஒன்றாக்க முடியுமா என்றால், முடியும், விலை கொடுத்தால். எல்லா மாறிலியும் டபுள், எஃப்எம்ஏ தானாக இணைவது தடை, ஃபாஸ்ட்-மேத் இல்லை, 32 பிட் கம்பைலாக இருந்தால் பழைய எக்ஸ்87-க்குப் பதில் எஸ்எஸ்இ2, ஃபோர்ட்ரானில் வரிசை முக்கியமான இடமெல்லாம் அடைப்புக்குறி, ஏனெனில் அம்மொழி விதி அடைப்புக்குறியை மட்டுமே மதிக்கச் சொல்கிறது, கூட்டலும் அணிப் பெருக்கலும் உங்கள் சொந்த லூப்பில், சைன், எக்ஸ்ப் போன்றவை மூன்று மொழிகளும் அழைக்கும் ஒரே சி லைப்ரரியிலிருந்து. பைத்தானில் இந்த லூப்கள் தாங்க முடியாத அளவுக்கு மெதுவாகும் என்பதால், அந்த மையப் பகுதியை சி-யில் ஒரு முறை எழுதி மூன்று மொழிகளிலிருந்தும் அழைப்பதே நடைமுறையில் நிற்கும் வழி. சட்டப்படியான தணிக்கைக்கோ, வேறு வேறு கணினிகள் ஒரே நிலையில் ஓட வேண்டிய சிமுலேஷனுக்கோ இது தேவைப்படும். உங்கள் கேள்வியில் சொன்ன 15-ஆம் இலக்கத்துக்காக இதைச் செய்யத் தொடங்க வேண்டாம். 3-ஆம் இலக்கத்தில் பிரியும் அந்த ஒன்றிரண்டை இன்றைக்கே திறந்து பாருங்கள்.